தொலுயீன் போனது, கார்பன் போகவில்லை: எலக்ட்ரான் கற்றையையும் வினையூக்கியையும் இணைத்த ஒரு நிகழ்வு ஆய்வு

உலோகப் பாகங்களுக்குப் பெயின்ட் பூசும் ஓர் ஆலையின் வெளியேற்றக் காற்றைச் சுத்தம் செய்ய எலக்ட்ரான் கற்றையை முன்னோட்டமாக ஓட்டிப் பார்த்த குழுவில், காற்று அளவீடும் வினையூக்கியும் என் பொறுப்பு. ஆலையின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே இல்லை. எந்தக் கட்டத்தில் எதைப் பார்த்தோம், எதற்காக எந்த முடிவை எடுத்தோம் என்பதை மட்டும் வரிசையாகப் பதிவு செய்கிறேன்.

பின்னணி

அந்த ஆலையிலிருந்து இரண்டு வகைக் காற்று வெளியே போனது. ஒன்று, பெயின்ட் உலர்த்தும் ஓவனிலிருந்து வருவது. அளவு குறைவு, சூடு அதிகம், கரைப்பான் ஆவியும் அதிகம். அதை எரித்து அழிக்கும் கருவி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, அதில் யாருக்கும் புகார் இல்லை. இன்னொன்று, ஆட்கள் நின்று பெயின்ட் தெளிக்கும் அறைகளான ஸ்பிரே பூத்களிலிருந்து வருவது. உள்ளே நிற்பவர் பாதுகாப்பாக மூச்சுவிட வேண்டும் என்பதால் பூத்களில் காற்றை அள்ளி ஊதுவார்கள். அதனால் மணிக்கு சுமார் 30,000 கன மீட்டர் காற்று, அதில் பெயின்ட் கரைப்பான்களான தொலுயீன் ஏறத்தாழ 100 பிபிஎம் (பத்து லட்சம் மூலக்கூறுகளில் நூறு), சைலீன் கொஞ்சம். சிக்கல் இந்தக் காற்றில்தான்.

நீர்த்த காற்றை எரிப்பது ஏன் கஷ்டம் என்பதை ஒரு கணக்கு காட்டிவிடும். 100 பிபிஎம் தொலுயீன் முழுவதும் எரிந்தாலும் அந்த வெப்பம் காற்றைச் சுமார் 13 டிகிரிதான் சூடேற்றும். எரிப்பானுக்கோ 800 டிகிரி அளவில் வெப்பம் வேண்டும், வினையூக்கி வைத்து எரித்தாலும் 300 டிகிரிக்குக் குறையாது. மீதி வெப்பத்தை எரிவாயுதான் தர வேண்டும். வெப்பத்தை எவ்வளவு திறமையாக மீட்டெடுத்தாலும், சும்மா போகும் நைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சூடாக்குவதற்கே செலவு போகிறது.

ஆவியை உறிஞ்சிப் பிடிக்கும் கிளர்வூட்டிய கரி ஒரு மாற்று. ஆலை அதை முன்பே ஓட்டியிருந்தது. பெயின்ட் தூசியும் ஈரமும் சேர்ந்து கரி சீக்கிரம் நிறைந்தது, மாற்றும் வேலை ஓயவில்லை. இந்த நிலையில்தான் மேலாளர் எலக்ட்ரான் கற்றை பற்றி விசாரித்தார்.

ஏன் எலக்ட்ரான் கற்றை

இது புது யோசனை இல்லை. 1970களின் தொடக்கத்திலேயே ஜப்பானில் புகைக் காற்றை எலக்ட்ரான் கற்றையால் சுத்தம் செய்யும் ஆராய்ச்சி நடந்தது. பிறகு போலந்தில் ஷ்செச்சின் நகரத்தின் பொமோழானி அனல்மின் நிலையத்தில் எலக்ட்ரான்களை வேகப்படுத்தும் நான்கு முடுக்கிகளை வைத்து மணிக்கு சுமார் 2,70,000 கன மீட்டர் புகையைச் சுத்தம் செய்யும் அளவுக்கு ஓர் அமைப்பு கட்டப்பட்டது. அங்கே குறி கந்தக டையாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும். கற்றை அவற்றை அமிலமாக்கும், அமோனியா சேர்த்தால் உரமாகப் பயன்படும் உப்புத்தூள் கிடைக்கும். கரைப்பான் ஆவிக்கு அப்படி வசதியான முடிவுப்பொருள் கிடையாது. இந்த வேறுபாடு பின்னால் எங்களுக்கு முக்கியமானது.

கற்றை செய்வது இதுதான். வேகமாக வரும் எலக்ட்ரான்கள் காற்றிலிருக்கும் நைட்ரஜன், ஆக்சிஜன், நீராவி மூலக்கூறுகளில் மோதி உடைக்கின்றன. 100 பிபிஎம் என்றால் பத்தாயிரத்தில் ஒரு மூலக்கூறு, ஆகவே தொலுயீனில் நேரடியாக மோதுவது அபூர்வம். உடைந்த துண்டுகளிலிருந்து ஹைட்ராக்சில் ரேடிகல் (எதையும் உடனே தாக்கும் மூலக்கூறுத் துண்டு), ஆக்சிஜன் அணு, ஓசோன் எல்லாம் பிறக்கின்றன. தொலுயீனைத் தாக்குவது பெரும்பாலும் அந்த ஹைட்ராக்சில்தான்.

இதில் என்னைக் கவர்ந்தது ஆற்றல் கணக்கு. கற்றை காற்றுக்குக் கொடுக்கும் ஆற்றல்தான் டோஸ், அதன் அலகு கிலோகிரே. ஒரு கிலோகிரே என்பது ஒரு கிலோ காற்றில் ஒரு கிலோஜூல். காற்றின் வெப்பக் கொள்ளளவும் டிகிரிக்கு ஏறத்தாழ ஒரு கிலோஜூல்தான். ஆகவே 10 கிலோகிரே கொடுத்தால் காற்று 10 டிகிரிதான் சூடாகும். 800 டிகிரிக்குப் பதில் 10 டிகிரி! மணிக்கு 1,000 கன மீட்டர், அதாவது சுமார் 1,200 கிலோ காற்றுக்கு 10 கிலோகிரே என்றால் காற்று உறிஞ்சும் சக்தி 3.3 கிலோவாட். கற்றையில் ஒரு பங்கு, அது முடுக்கியிலிருந்து வெளியே வரும் மெல்லிய டைட்டானியம் ஜன்னலிலும் டக்ட் சுவரிலும் வீணாகும், முடுக்கியும் மின்சாரம் முழுவதையும் கற்றையாக மாற்றாது, ஆகவே மீட்டரில் ஓடுவது இதைவிடக் கணிசமாக அதிகம். ஆனாலும் ஓட்டிப் பார்க்கத் தகுந்த எண்தான்.

பூத் காற்றிலிருந்து மணிக்கு 1,000 கன மீட்டர் மட்டும் பிரித்தெடுத்து ஒரு முன்னோட்ட அமைப்பு வைப்பது என்று முடிவானது. எலக்ட்ரான்களுக்கு 0.7 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் தரும் முடுக்கி, அதைச் சுற்றித் தடுப்புச் சுவர், கதவு திறந்தால் கற்றை அணையும் பூட்டு.

தொழிலாளர்களிடம் பேசியது

இயந்திரம் வரும் முன்பே "கதிர்வீச்சு" என்ற சொல் ஆலை முழுக்கப் பரவிவிட்டது. நியாயமான கவலை. ஆகவே அமைப்பை இறக்கும் முன் எல்லா ஷிஃப்ட் ஆட்களையும் அழைத்துப் பேசினோம். இதில் கதிரியக்கப் பொருள் எதுவும் இல்லை, சுவிட்சை அணைத்தால் கதிர்வீச்சும் நின்றுவிடும், இந்த ஆற்றலில் காற்றோ இரும்போ கதிரியக்கம் கொண்டதாக மாறாது என்று விளக்கினோம். அதோடு நிறுத்தவில்லை. உண்மையான ஆபத்துகள் இரண்டு என்றும் சொன்னோம்: கற்றை ஓடும்போது உலோகத்தில் மோதிப் பிறக்கும் எக்ஸ் கதிர், அப்புறம் ஓசோன்.

ஒரு ஷிஃப்ட் ஆபரேட்டர் கேட்டார்: "சார், எக்ஸ்ரேக்குச் சுவர் இருக்கு. ஓசோனுக்கு என்ன இருக்கு?" சரியான கேள்வி. பணியிடத்தில் ஓசோனுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு 0.1 பிபிஎம். டக்டுக்குள் இருப்பதோ அதைப் பல மடங்கு தாண்டும். அவர் கேட்ட பிறகு வரைபடத்தைத் திருத்தி, காற்றைத் தள்ளும் விசிறியைக் கருவிகளுக்கு முன்னால் வைக்காமல் கடைசியில் வைத்தோம். இப்போது விசிறி வரை டக்ட் முழுவதும் உறிஞ்சும் நிலையில் இருக்கும். எங்காவது விரிசல் விட்டால் வெளிக்காற்று உள்ளே போகுமே தவிர, உள்காற்று வெளியே வராது. இந்த ஒரு மாற்றம் எங்களைப் பின்னால் பலமுறை காப்பாற்றியது.

முதல் கட்டம்: கற்றை மட்டும்

முதலில் டோஸை அளந்தோம். டக்டின் குறுக்கே கம்பி கட்டி, நிறம் மாறும் மெல்லிய டோசிமீட்டர் படலத் துண்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டுக் கற்றையை ஓட்டினோம். எடுத்துப் பார்த்தால் நடுவில் இருந்தவை நன்றாக நிறம் மாறியிருந்தன, ஜன்னலுக்கு எதிர்ப்புற மூலைகளில் இருந்தவை வெளிறியே இருந்தன. 0.7 மெகா எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான் காற்றில் சுமார் 2 மீட்டர் போகும் என்றாலும், போகிற வழியெல்லாம் சிதறும், மூலைகளுக்குக் குறைவாகவே போய்ச் சேரும். அந்த மூலை வழியாகப் போகும் காற்று அரைகுறையாகத்தான் சுத்தமாகும். உள்ளே தடுப்புத் தகடுகளைப் பொருத்தி, மூலைக் காற்றை நடுவுக்குத் திருப்பிவிட்டோம்.

பிறகு டோஸைப் படிப்படியாக ஏற்றினோம். 10 கிலோகிரேயில் தொலுயீனில் பாதிக்கு மேல் போனது. 15 கிலோகிரேயில் முக்கால் பங்கு போனது, அனுமதி வரம்புக்குள் வந்துவிட்டது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது தொலுயீன் அளவு மட்டும்தான். அந்தக் கணக்கில் வேலை முடிந்துவிட்டது. மேலாளர் முழு அளவு அமைப்புக்கு விலை கேட்கலாமா என்று விசாரிக்கத் தொடங்கினார்.

அந்த வாரத்தில்தான் விசிறிக்கு அடுத்து மாதிரி எடுக்கும் மேடையில் ஏறிய பராமரிப்பாளர் இறங்கி வந்து சொன்னார்: "தின்னர் வாசனை போச்சு சார். ஆனா வேற ஏதோ வாசனை வருது, பாதாம் எசன்ஸ் மாதிரி." பாதாம் எசன்ஸின் வாசனை பென்சால்டிஹைடின் வாசனை. தொலுயீனின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் மெத்தில் தொகுதி மட்டும் ஆக்சிஜனேறினால் கிடைப்பதும் அதேதான். மேடையில் கசிவை அடைத்து, அங்கே ஏறுபவருக்கு முகமூடி கட்டாயம் என்றாக்கினோம். அவர் சொன்னதை அலட்சியம் செய்ய முடியவில்லை.

கணக்கு இடித்த இடம்

தொலுயீன் மூலக்கூறு ஒன்றில் ஏழு கார்பன் அணுக்கள். 100 பிபிஎம் தொலுயீன் முழுமையாக அழிந்தால் 700 பிபிஎம் கார்பன் டையாக்சைடு வர வேண்டும். வெளிக்காற்றில் இயல்பாக இருப்பதே 420 பிபிஎம் அளவுதான் என்பதால், இந்த ஏற்றம் எந்த அளவிக்கும் தப்பாது. நுழைவாயிலிலும் வெளிவாயிலிலும் கார்பன் டையாக்சைடு, கார்பன் மோனாக்சைடு இரண்டையும் அளந்தோம். காணாமல் போன தொலுயீனின் கார்பனில் மூன்றில் ஒரு பங்குதான் இந்த இரண்டு வாயுக்களாக வந்திருந்தது. மிச்சம் பென்சால்டிஹைடாகவும், சிறிய அமிலங்களாகவும், கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாகவும் போய்க்கொண்டிருந்தது.

இதற்குக் காரணம் எளிது. 100 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலுக்கு மூன்று ரேடிகல் பிறக்கிறது என்று வைத்துக்கொண்டால், 10 கிலோகிரேயில் மொத்தமாகக் கிடைப்பது சுமார் 90 பிபிஎம் ரேடிகல். ஒரு தொலுயீனை கார்பன் டையாக்சைடு வரை கொண்டுபோக 18 ஆக்சிஜன் அணுக்கள் வேண்டும். காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் பங்கெடுக்கும் என்றாலும், ஒவ்வொரு படியையும் தொடங்கி வைக்க ஒரு ரேடிகல் தேவை. தொலுயீனுக்கு ஒன்று என்ற கணக்கில் இருக்கும் ரேடிகலை வைத்து முதல் அடியைத்தான் எடுத்து வைக்க முடியும். உள்ளே வந்த ஒரு மாசு, பெயர் மாறி வெளியே போகிறது, அவ்வளவுதான். தொலுயீன் அளவி மட்டும் இருந்தால் அந்த அமைப்பு நன்றாக வேலை செய்வதாகத்தான் தெரியும். இந்தத் துறையில் எந்த அறிக்கையைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது கார்பன் கணக்கைத்தான். அது இல்லாத அறிக்கையில் "நீக்கம்" என்று எழுதியிருப்பதை அழிவு என்று எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எதைச் சேர்ப்பது

முதல் யோசனை, டோஸை ஏற்றுவது. முடுக்கிப் பொறியாளர் அதற்குத் தயாராக இருந்தார். ஆனால் டோஸ் ஏற ஏற நைட்ரஜனும் உடைகிறது, நைட்ரஜன் ஆக்சைடும் அதிலிருந்து நைட்ரிக் அமிலமும் கூடுகின்றன. ஓசோனும் கூடுகிறது. ஒரு மாசை அழிக்க இன்னொன்றை உற்பத்தி செய்வதாகிவிடும்.

இரண்டாவது, பின்னால் கரிப் படுகை வைப்பது. ஓசோனையும் ஆல்டிஹைடையும் கரி பிடிக்கும். ஆனால் ஓசோன் கரியையே ஆக்சிஜனேற்றும், சூடாகும். கரைப்பான் ஆவியை உறிஞ்சி வைத்திருக்கும் கரியில் ஓசோன் செறிந்த காற்றை ஓட்டுவது தீக்கு அழைப்பு வைப்பது. இதை நாங்கள் விவாதிக்கக்கூட இல்லை.

மூன்றாவது, வினையூக்கி. மாங்கனீசு ஆக்சைடின் மேல் ஓசோன் பட்டால் ஆக்சிஜன் மூலக்கூறாகவும் மேற்பரப்பில் ஒட்டிய ஓர் ஆக்சிஜன் அணுவாகவும் பிரியும். அந்த அணு சுறுசுறுப்பானது. பக்கத்தில் பென்சால்டிஹைடு ஒட்டியிருந்தால் அதைத் தின்னும், இல்லாவிட்டால் இன்னொரு ஓசோனோடு சேர்ந்து ஆக்சிஜனாகிவிடும். எப்படிப் பார்த்தாலும் ஓசோன் போகிறது. கற்றைக்குத் தொல்லையாக இருந்த ஓசோன் இங்கே ஆக்சிஜனேற்றியாக வேலை செய்கிறது, அதற்குச் செலவழித்த மின்சாரமும் வீணாகவில்லை. இந்த ஏற்பாட்டில் கற்றை அடுப்பைப் பற்றவைக்கும், சமைத்து இறக்குவது வினையூக்கி.

பிளாட்டினத்தையும் எடை போட்டோம். கார்பன் மோனாக்சைடை எரிக்க அது நல்லது, ஆனால் காற்றை 150 டிகிரி அளவுக்குச் சூடாக்க வேண்டும். எரிவாயுச் செலவிலிருந்து தப்பிக்கத்தான் இந்தப் பாதைக்கே வந்தோம். வேண்டாம் என்று விட்டோம். கார்பன் மோனாக்சைடு மிஞ்சும் என்பது தெரிந்தே எடுத்த முடிவு. அளவு வரம்புக்குள் இருந்ததால் ஏற்றுக்கொண்டோம்.

வினையூக்கியை எங்கே வைப்பது

வினையூக்கியைக் கற்றைக்குள்ளேயே வைத்தால் இரண்டும் ஒரே இடத்தில் வேலை செய்யுமே என்று மேலாளர் கேட்டார். கேட்கும்போது சரியாகத்தான் படும். ஆனால் காற்றில் 2 மீட்டர் போகும் எலக்ட்ரான் பீங்கானில் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் போகும். தேன்கூடு வடிவப் பீங்கான் கட்டியை வைத்தால் முன்முகம் கற்றையைத் தின்றுவிடும், பின்னால் முழுக்க நிழல். அதிலிருந்து பெரிய லாபமும் இல்லை. 100 பிபிஎம் தொலுயீன் இருக்கும் காற்றில் ஹைட்ராக்சில் ரேடிகல் நூறு மைக்ரோவினாடிகூட உயிரோடு இருக்காது. அந்த நேரத்தில் அது நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சுவரை ஒட்டிப் பிறந்த ஒன்றிரண்டு தவிர எதுவும் வினையூக்கியைத் தொடாது. நீண்ட நேரம் தாங்குவது ஓசோன் மட்டும்தான், அதைப் பின்னால் வைத்தும் பிடிக்கலாம். ஆகவே கற்றை அறைக்குப் பின்னால், தனிப் பெட்டியில், கழற்றி மாட்டும் தட்டுகளாக வினையூக்கி.

ஈரப்பதம் அடுத்த சிக்கல். பூத் காற்று நீர்த்திரை வழியாக வருவதால் 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருந்தது. நீர் மூலக்கூறுகள் மாங்கனீசின் இடங்களைப் பிடித்துக்கொண்டால் ஓசோனுக்கு இடமில்லை. ஆனால் அதே நீராவிதான் கற்றை அறையில் ஹைட்ராக்சில் தருகிறது, முன்னாலேயே உலர்த்திவிட முடியாது. ஓவனின் வீண் வெப்பத்தை எடுத்து, கற்றைக்கும் வினையூக்கிக்கும் நடுவே காற்றை 50 டிகிரிக்கு ஏற்றினோம். நீரின் அளவு அதேதான், ஒப்பு ஈரப்பதம் மட்டும் 80 சதவீதத்திலிருந்து 30க்கும் கீழே இறங்கிவிடும். எரிவாயு வேண்டாம், வெப்பமாற்றி ஒன்று போதும்.

மேற்கொள்ளாத ஒரு யோசனை

இந்தச் சமயத்தில் இன்னொரு கோரிக்கை வந்தது. பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் தொட்டியில் டிரைக்குளோரோஎத்திலீன் பயன்பட்டது. அந்த ஆவியையும் இதே டக்டில் சேர்த்துவிடலாமே என்றார்கள். கற்றைக்கு அது மிகச் சுலபமான இரை. குளோரின் அணு ஒன்று பிரிந்து அடுத்த மூலக்கூறைத் தாக்க, சங்கிலியாகப் போகும். குறைந்த டோஸிலேயே அளவி பூஜ்யத்தைக் காட்டும். ஆனால் வெளியே வருவதில் டைகுளோரோஅசெட்டைல் குளோரைடும் ஃபாஸ்ஜீனும் இருக்கும், இரண்டும் மூலப்பொருளைவிட மோசம். அதற்குக் காரக் கரைசல் கழுவி கட்டாயம் வேண்டும். மாங்கனீசு வினையூக்கியையும் குளோரின் கெடுக்கும். எழுத்தில் மறுத்தோம். தொட்டிக் காற்று இந்த டக்டுக்கு வரும் வால்வு பூட்டி முத்திரையிடப்பட்டது.

இரண்டாம் கட்டம்

வினையூக்கி ஏறிய முதல் வாரங்கள் நிறைவாக இருந்தன. பெட்டிக்குப் பின்னால் ஓசோன் அளவி தரையைத் தொட்டது. பென்சால்டிஹைடு வெகுவாக இறங்கியது, கார்பன் கணக்கில் பெரும்பகுதி கார்பன் டையாக்சைடாக வந்து சேர்ந்தது. தொலுயீன் நீக்கமும் ஓரளவு கூடியது. அதாவது 15 கிலோகிரேயில் கற்றை மட்டும் எட்டிய வரம்பை, வினையூக்கியோடு 10 கிலோகிரேயிலேயே எட்ட முடிந்தது.

டோஸை இறக்கினோம். இதில் மின்சார மிச்சத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது நைட்ரிக் அமிலமும் நுண்துகளும் குறைந்ததுதான்.

பழுப்புப் படலம்

பிறகு பெட்டியின் முன்பின் அழுத்த வேறுபாடு மெல்ல ஏறத் தொடங்கியது. சில வாரம் கழித்து வெளிவாயிலில் ஓசோன் தலைகாட்டியது. கற்றையை அணைத்து, காற்று மாறும் வரை காத்திருந்து, பெட்டியைத் திறந்தோம். முதல் தட்டின் முன்முகத்தில் தேன்கூட்டின் வாய்களைச் சுற்றிப் பழுப்பாக, கையுறையில் ஒட்டும் படலம். இரண்டாம் தட்டில் லேசான சாயல். மூன்றாம் தட்டு புதிது போல இருந்தது.

இரண்டு சந்தேகங்கள் எழுந்தன. ஒன்று, ஆக்சிஜனேறிய தொலுயீன் துண்டுகள் நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து உருவாகும் பிசின். அப்படியானால் சுட்டு எரித்துவிடலாம். மற்றொன்று, பெயின்டில் நுரையடக்கச் சேர்க்கும் சிலிக்கோன். அது ஆவியாகி வந்து வினையூக்கியின் மேல் சிலிக்காவாக (சிலிக்கான் ஆக்சைடாக) படிந்தால் எந்தச் சூட்டுக்கும் போகாது, வினையூக்கி நிரந்தரமாகக் கெட்டதுதான்.

மூன்று தட்டிலிருந்தும் துண்டு வெட்டி, ஆய்வகத்தில் 300 டிகிரியில் காற்றோட்டத்தில் சுட்டு, பிறகு ஓசோனை ஓட்டிப் பார்த்தோம். இரண்டாம், மூன்றாம் தட்டுத் துண்டுகள் பழைய திறனுக்குத் திரும்பின. முதல் தட்டின் பின்பாதியும் திரும்பியது. அதன் முன்பக்கத்து இரண்டு சென்டிமீட்டர் மட்டும் வினையூக்கியின் இயல்பான கறுப்பில் சுத்தமாகத் தெரிந்தாலும் வேலை செய்யவில்லை. தனிமங்களைக் கண்டறியும் எக்ஸ் கதிர் ஒளிர்வு ஆய்வில் அந்தப் பகுதியில் சிலிக்கான் இருந்தது. ஆக இரண்டு சந்தேகமும் உண்மை. பெருமளவு பிசின், முன்விளிம்பில் மட்டும் சிலிக்கா.

இதை வைத்து மூன்று மாற்றங்கள் செய்தோம். வினையூக்கிக்கு முன்னால் விலை குறைந்த, வெறும் அலுமினா பூசிய தட்டு ஒன்று. சிலிக்கோன் முதலில் அதில் படியட்டும், கெட்டால் அதை மட்டும் தூக்கிப் போடலாம். அடுத்தது, வாரக் கடைசியில் உற்பத்தி நிற்கும்போது தட்டுகளைக் கழற்றி ஓவனில் சுடுவது. மூன்றாவது, பெயின்ட் தருபவரிடம் பேசி சிலிக்கோன் இல்லாத நுரையடக்கிக்கு மாறியது. மூன்றில் நெடுநாள் பலன் தந்தது கடைசியாகச் சொன்னதுதான் என்பது என் கணிப்பு. காற்றுச் சுத்திகரிப்புக்காரர்கள் பெயின்ட் பட்டியலைக் கையில் வாங்கிப் படிக்காமல் வினையூக்கியைத் தேர்ந்தெடுக்கவே கூடாது.

முடிவில் என்ன ஆனது

முன்னோட்டம் முடிந்தபோது தொழில்நுட்பம் தேறியிருந்தது. முழு அளவுக்கான கணக்கு: மணிக்கு 30,000 கன மீட்டர் என்றால் 36,000 கிலோ காற்று. 10 கிலோகிரேக்குக் காற்று உறிஞ்சும் சக்தி மட்டும் 100 கிலோவாட். அதற்கேற்ற முடுக்கி, தடுப்புச் சுவர், கதிர்ப் பாதுகாப்பு அனுமதி, அதற்கென்றே பயிற்சி பெற்ற ஆள்.

இன்னொரு பலவீனமும் தெளிவாகியிருந்தது. கற்றை திடீரென நின்றால் ஓசோனும் நின்றுவிடும். ஓசோன் இல்லாத 50 டிகிரி மாங்கனீசு தொலுயீனை ஏறக்குறைய ஒன்றும் செய்யாது. அதாவது கற்றை அணைந்த நொடியிலிருந்து பூத் காற்று அப்படியே வெளியே. முன்னோட்டத்தின்போது ஜன்னல் தகட்டை மாற்ற நிறுத்திய நேரத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். ஆகவே முழு அமைப்பில் கற்றை நின்றால் ஸ்பிரே துப்பாக்கிகளும் தானாக நிற்கும் பூட்டு கட்டாயம் என்று எழுதினோம். உற்பத்திப் பிரிவுக்கு இது பிடிக்கவில்லை. நியாயம்தான், ஆனால் விட்டுக்கொடுக்க இடமில்லை.

நிர்வாகம் எடுத்த முடிவு இது: பூத்களில் கைப்பூச்சு நடக்கும் பகுதிக்கு மட்டும் கற்றையும் வினையூக்கியும் சேர்ந்த அமைப்பு. ரோபோ பூசும் பகுதியில் ஆள் நிற்பதில்லை, அங்கே காற்றைச் சுற்றவிட்டு அளவைக் குறைக்கலாம். அப்போது ஆவி செறிந்துவிடும், செறிந்த காற்றுக்கு ஏற்கெனவே இருக்கும் எரிப்பானே மலிவு. கற்றை விற்க வந்தவருக்கு ஏமாற்றமாக இருந்திருக்கும். எனக்கு அது சரியான முடிவாகவே பட்டது. கற்றையின் பலமே நீர்த்த காற்றில்தான். காற்றை நீர்க்காமல் வைக்க முடிந்த இடத்தில் அதற்கு வேலை இல்லை.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே கார்பன் கணக்கு இருக்க வேண்டும். தொலுயீன் நீக்கத்தோடு கார்பன் டையாக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஆல்டிஹைடு, ஓசோன், நைட்ரஜன் ஆக்சைடு ஐந்தும் முதல் நாளிலிருந்தே அளக்கப்பட வேண்டும்.

கற்றையைத் தனியாக ஓட்டித் தேர்வு செய்துவிட்டு, பிறகு வினையூக்கியைச் சேர்க்கும் வரிசையே தவறான டோஸுக்குக் கொண்டுபோகிறது. இரண்டையும் ஒரே கருவியாக எடுத்துக்கொண்டு, சேர்த்துத்தான் டோஸைத் தேட வேண்டும்.

ஆலையின் பெயின்ட், தின்னர், சேர்மானப் பட்டியலைச் சிலிக்கான், கந்தகம், குளோரின் மூன்றுக்காகவும் முன்கூட்டியே சலிக்க வேண்டும்.

கற்றை அறைக்குப் பிந்தைய டக்டைத் துருப்பிடிக்காத எஃகில் செய்து, தாழ்ந்த இடங்களில் வடிகால் வைக்க வேண்டும். எங்கள் டக்டின் ஒரு வளைவில் குளிர்ந்த இரவில் நைட்ரிக் அமிலம் சேர்ந்து இணைப்பைத் தின்றிருந்தது. உறிஞ்சும் நிலையில் இருந்ததால் யாருக்கும் பாதிப்பில்லை. ஆனால் உள்ளே கலந்த வெளிக்காற்று சில நாள் அளவீடுகளை நீர்க்கச் செய்தது, அந்த நாட்களின் எண்களை அறிக்கையிலிருந்து நீக்கினோம்.

கடைசியாக, தட்டுகளை மாற்றும் நாளை நாட்காட்டி பார்த்துத் தீர்மானிக்காமல், இரண்டாம் தட்டுக்கும் மூன்றாம் தட்டுக்கும் நடுவே ஓர் ஓசோன் அளவியை வைத்துத் தீர்மானிக்க வேண்டும். அங்கே ஓசோன் தெரியத் தொடங்கினால் வெளிவாயிலுக்கு அது வந்து சேர இன்னும் ஒரு தட்டு மிச்சம் இருக்கும், சுடுவதற்கு நேரமும் இருக்கும். இப்போது ஓடும் அமைப்பில் அந்த அளவி பொருத்தப்பட்டிருக்கிறது.